ஒருவரின் எழுத்துப் பிழையும் ஊரார் இணையத்தளங்களும்

இலண்டனில் இயங்கும் எமது பழைய மாணவர் சங்கங்கள், சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள், கோயில் பரிபாலன சபைகள், ஊர் ஒன்றியங்கள் என்று அநேகமானவற்றுக்கு இன்று ஓர் இணையத்தளம் உண்டு. அந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று செயற்குழுவில் கேட்டுப் பாருங்கள். "இன்ரநெற்றிலதான்" என்று பதில் வரும். உண்மையில் அது எங்கோ ஒரு தரவு நிலையத்தில், ஒரே கணினியில், முன்பின் அறியாத நூற்றுக்கணக்கான வேறு தளங்களோடு ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறது. மாதம் சில பவுண்களுக்குக் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்ரிங் என்பது இதுதான்.

தொண்ணூறுகளில் ரூற்றிங்கிலும் கோலியர்ஸ் வுட்டிலும் வந்திறங்கியவர்களுக்கு இது விளங்காத ஏற்பாடு அல்ல. ஒரு வீடு, அறைக்கொரு குடும்பம், எல்லோருக்கும் சேர்த்து ஒரே மின்மானி. மேல்மாடியில் ஒருவர் பழுதான கேத்தலைச் செருகினால், பழைய வயரிங் உள்ள வீட்டில் எல்லோருக்கும் இருட்டு. அறைக்கு அறை தனித் துண்டிப்பான் பூட்டிய வீட்டில் அந்த அறைக்கு மட்டும் இருட்டு. பலர் பகிரும் சேர்வரிலும் கேள்வி இதுதான். ஒருவர் எழுதிய அமைவில் பிழை இருந்தால் சேர்வர் என்ன செய்ய வேண்டும்? எல்லோரையும் நிறுத்துவதா, அவரை மட்டும் நிறுத்துவதா, பிழையான வரியைத் தாண்டிப் போய்விடுவதா, நேற்றைய சரியான அமைவிலேயே தொடர்ந்து ஓடுவதா?

நான் கணினிப் பொறியியலாளன் அல்ல. யாழ்ப்பாணத்தில் வணிகமாணி படித்து, அகதியாக வந்து, இங்கே கோலியர்ஸ் வுட்டில் இருந்து சிறு கடைகளினதும் சங்கங்களினதும் கணக்குகளைப் பார்ப்பவன். சந்தாவும் இராப்போசன ரிக்கற்றும் இணையத்தளம் வழியாக வசூலாகத் தொடங்கிய நாளிலிருந்து, கணக்கோடு சேர்த்து அந்தத் தளங்களின் வில்லங்கமும் என் மேசைக்கு வருகிறது. எனவே இதில் உள்ள பார்வை ஒரு கணக்காளனின் பார்வை.

பகிர்வு ஹோஸ்ரிங்கில் நெடுங்காலமாக அரசாண்டு வந்த சேர்வர் மென்பொருள் அப்பாச்சி. அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகத்தில் றொப் மெக்கூல் எழுதிய ஒரு சேர்வரை, அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்கள் கூடித் திருத்தி 1995இல் வெளியிட்டதே அது. அப்பாச்சிக்கு இரண்டு இடங்களில் கட்டளை எழுதலாம். ஒன்று பிரதான அமைவுக் கோப்பு. அதை ஹோஸ்ரிங் கொம்பனி மட்டுமே தொடலாம். சேர்வர் தொடங்கும்போதும் மீளத் தொடங்கும்போதும் மட்டுமே அது வாசிக்கப்படும். மற்றது ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்புறைக்குள்ளும் இருக்கக்கூடிய, புள்ளியோடு பெயர் தொடங்கும் '.எச்.ரி.அக்சஸ்' என்ற சிறு கோப்பு. இனி அதை அக்சஸ் கோப்பு என்கிறேன். அது தளத்துக்கு ஆள் வரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசிக்கப்படும். வாடிக்கையாளர் தானே எழுதலாம், தானே மாற்றலாம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பக்கங்களைத் திசைதிருப்புவது, ஒரு கோப்புறைக்குக் கடவுச்சொல் போடுவது எல்லாம் அதில்தான்.

பிழை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவும் மாறும். அக்சஸ் கோப்பில் ஒரு வரி பிழைத்தால் அந்தக் கோப்புறையும் அதற்குக் கீழே உள்ளவையும் மட்டும் '500 இன்ரேனல் சேர்வர் எரர்' என்று சொல்லும். அடுத்த சங்கத்தின் தளம் வழமைபோல் ஓடும். அறைக்கு அறை துண்டிப்பான் என்றது இதைத்தான். பிரதான கோப்பில் பிழைத்தாலோ, சேர்வர் தொடங்கவே மாட்டாது. முழு வீடும் இருட்டு.

இந்த 500 என்ற அறிவிப்பு பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. ஏன் என்ற காரணத்தை அது சொல்வதில்லை. அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு: உள்வீட்டு விவரத்தை வாசலில் நிற்பவனுக்குச் சொல்லக்கூடாது. காரணம் பிழைப் பதிவேட்டில், எந்தக் கோப்பு, எந்தக் கட்டளை என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கும். ஹோஸ்ரிங் கட்டுப்பாட்டுப் பலகையில் பெரும்பாலும் அதைத் திறந்து பார்க்கலாம். தளம் விழுந்ததும் வாட்சப் குழுவில் ஆளுக்காள் ஊகம் சொல்வதற்கு முன் அந்தப் பதிவேட்டின் கடைசி வரியை ஒருவர் வாசித்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நான் கண்டவற்றில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் சில. பி.எச்.பி.க்கான அளவுகளை அக்சஸ் கோப்பில் எழுதும் பழக்கம் ஒன்று. பி.எச்.பி. அப்பாச்சியின் உள்ளேயே மொடியூலாக ஓடும்வரை அந்த வரிகள் செல்லும். கொம்பனி அதை வெளியே தனி நிரலாக மாற்றிவிட்டால் அப்பாச்சிக்கு அந்த வரியே தெரியாது, உடனே 500. இன்னொன்று, 2012 பெப்ரவரியில் வந்த 2.4ஆம் பதிப்பு. யாரை அனுமதிப்பது, யாரை மறுப்பது என்று எழுதும் முறை அதில் மாறிவிட்டது. பழைய முறைக்கென வைத்திருக்கும் மொடியூல் இல்லாத சேர்வரில் பழைய வரிகள் பிழையாகிவிடும்.

மூன்றாவது எம்மைப் போன்றவர்களுக்கென்றே வந்தது. தமிழ் எழுத்துகள் கெடாமல் இருக்க யூனிகோட் முறையில் சேமிப்பது எங்கள் பழக்கம். பழைய விண்டோஸ் நோட்பாட்டில் யூ.ரி.எவ். 8 என்று சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைற்றுகளையும் சேர்த்துவிடும். வலைப்பக்கத்தில் அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அக்சஸ் கோப்பில் முதல் கட்டளையோடு ஒட்டிக்கொண்டு, "இப்படி ஒரு கட்டளை இல்லை" என்று சேர்வரைச் சொல்லவைத்துவிடும். திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். 2019இல் வந்த விண்டோஸ் பதிப்பிலிருந்து நோட்பாட் அதைத் தானாகச் சேர்ப்பதில்லை. ஆனால் சங்கத்துச் செயலாளரின் மடிக்கணினி எந்த ஆண்டினது என்பது வேறு கதை.

இனி விடயத்துக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் சங்கத்தின் தளம், கொம்பனி பி.எச்.பி. முறையை மாற்றிய வாரம் 500 காட்டத் தொடங்கியது. கோடைகால ஒன்றுகூடலுக்கு ரிக்கற் விற்கும் நேரம். தளத்தைப் பார்க்கும் தம்பி நல்ல பொடியன், வேலைக்கும் போய்க்கொண்டு இரவில் இதையும் பார்ப்பவர். அவர் கண்டுபிடித்த மருந்து இலகுவானது: அக்சஸ் கோப்பை முழுதாகவே அகற்றிவிட்டார். தளம் உடனே எழும்பியது. "அண்ணை, சைற் சரி" என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள்.

அந்தக் கோப்பில் வேறு என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. செயற்குழுவுக்கான கோப்புறைக்குக் கடவுச்சொல் போட்ட வரிகளும் அதில்தான் இருந்தன. சந்தாப் பணத்தைச் சரிபார்க்க நான் அந்தக் கோப்புறைக்குப் போனபோது கடவுச்சொல் கேட்கவே இல்லை. உறுப்பினர் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி, யார் எவ்வளவு கொடுத்தார் என்ற விரிதாள் எல்லாம் திறந்த வீடாகக் கிடந்தது. எமது சமூகத்தில் அப்படியொரு பட்டியல் வெளியே போவதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. ஊரில் இன்னும் தாய் தகப்பன் உள்ளவர்களின் பெயர்கள் அதில் உண்டு. சட்டப்படி பார்த்தாலும், தனிப்பட்ட தரவு கசிந்து அதனால் ஆட்களுக்குப் பாதிப்பு வரக்கூடும் என்றால், அறிந்த நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் இங்குள்ள தகவல் ஆணையாளர் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். சின்னச் சங்கம் என்பதற்காக விலக்கு இல்லை. வருகைப் பதிவேட்டைத் தேடிப் பார்த்ததில் வெளியார் எவரும் அந்த விரிதாளைத் திறக்கவில்லை என்று தெரிந்தது. பதிவேடு இருந்தபடியால்தான் அதையும் சொல்ல முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, 500 காட்டி நின்ற தளம் ஆபத்தில் இருக்கவில்லை என்பது. சங்கடம், ரிக்கற் விற்பனை தாமதம், அவ்வளவுதான். எழும்பி ஓடிய தளம்தான் ஆபத்தில் இருந்தது.

அப்பாச்சியை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை அறிந்தே வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் அக்சஸ் கோப்பில் எதை அனுமதிப்பது என்று கொம்பனி தீர்மானிக்கும் 'அலவ் ஓவர்றைட்' என்ற கட்டளையில், 2.4ஆம் பதிப்பில் 'நொன்ஃபேற்றல்' என்றொரு தெரிவு உண்டு. உயிரைப் பறிக்காத பிழை என்று சொல்லலாம். அதைப் போட்டால், தெரியாத கட்டளையோ அனுமதியில்லாத கட்டளையோ வந்தால் சேர்வர் 500 காட்டாமல் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகும். தெரிந்த கட்டளையைப் பிழையான வடிவில் எழுதியிருந்தால் மட்டும் அப்போதும் நிற்கும். ஆயிரம் வாடிக்கையாளர்களைப் புதிய சேர்வருக்கு மாற்றும் கொம்பனிக்கு இது பெரிய வசதி. ஆயிரம் தொலைபேசி அழைப்பு மிச்சம். ஆனால் அப்பாச்சியின் கையேடே அங்கேயே எச்சரிக்கிறது: கடவுச்சொல் கட்டளைகளுக்கு அனுமதி இல்லாத சேர்வரில், தளத்தைப் பூட்டுவதற்கென்று வாடிக்கையாளர் எழுதிய வரிகள் செயலற்றுப் போய்விடும். பூட்டு இருப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இப்படிச் சத்தமில்லாமல் பூட்டுக் கழன்றுபோகும் வழிகள் வேறும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கோப்புகளில் 'இஃப் மொடியூல்' என்று ஒரு சுற்றுமதில் இருக்கும். இந்த மொடியூல் இருந்தால் மட்டும் உள்ளே உள்ள வரிகளைப் பார், இல்லாவிட்டால் பேசாமல் போ என்பது அதன் பொருள். பக்கங்களைச் சுருக்கி வேகமாக அனுப்பும் வரிகளுக்கு அது நல்லது. கடவுச்சொல் வரிகளை அதற்குள் வைப்பவர் வீட்டுத் திறப்பைக் காற்றிடம் கொடுத்தவர். சங்கம் கொஞ்சம் வளர்ந்து, சொந்தமாக ஒரு மெய்நிகர் சேர்வர் வாங்கி அதில் அப்பாச்சியை நிறுவினால், இக்காலப் பதிப்புகளில் அக்சஸ் கோப்பை வாசிக்காதே என்பதே இயல்பான அமைவு. ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் எழுதி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற சேர்வருக்கு மாறினால், அதற்கு அக்சஸ் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. இரண்டிலும் 500 வராது. தளம் அழகாக ஓடும். பூட்டு இராது.

கணக்கியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று நினைவுக்கு வரும். பரீட்சை மீதி சமப்படவில்லை. வரவுப் பக்கம் 340 பவுண் கூட. என்ன செய்வது? பேரேடுகளை மூடிவைத்து, வழு கிடைக்கும்வரை வியாபாரத்தை நிறுத்துவது ஒரு வழி. எந்தக் கடைக்காரரும் அதற்குச் சம்மதியார். 340 பவுணை ஏதாவது ஒரு செலவுக்குள் செருகிச் சமப்படுத்துவது இன்னொரு வழி. அதற்குப் பெயர் களவு, அல்லது களவுக்கு முதற்படி. எங்கள் ஆசிரியர்கள் படிப்பித்த வழி தொங்கல் கணக்கு: வித்தியாசத்தை அந்தப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து அதில் போடு, வேலையைத் தொடர், வழுவைக் கண்டதும் நாட்குறிப்புப் பதிவால் அதைத் தீர். தொங்கல் கணக்கின் சிறப்பு அது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி தொங்குவதுதான். தீரும்வரை ஒவ்வொரு மாதமும் முன்னால் வந்து நிற்கும்.

மென்பொருளில் இது இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டின் தபாற்கந்தோர் விவகாரத்தைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹொரைசன் கணினி முறையில் 2005இல் கணக்கு முடிக்கும் ஒழுங்கு மாற்றப்பட்டபோது, தீராத வித்தியாசத்தைக் கிளையின் தொங்கல் கணக்கில் வைத்துவிட்டு அடுத்த காலப்பகுதிக்குப் போகும் வழி உபதபாலதிபர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டு, அல்லது தலைமையகத்துக் கணக்கில் தீர்க்க ஒப்புக்கொள். அதன்பின்தான் கிளையை நடத்தலாம். மென்பொருளில் வழு உண்டு என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும்போது காலம் கடந்துவிட்டது. 900க்கு மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகக் காணப்பட்டிருந்தார்கள். அவர்களில் எமது தெற்காசியக் கடைக்காரர் பலர். அது இணைய சேர்வர் அல்ல என்பது தெரியும். ஆனால் பலர் பகிரும் முறையில் பிழையை யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வி அதேதான்.

சரி, பிரதான கோப்புக்கு வருவோம். வாடிக்கையாளர் தொட முடியாத கோப்புத்தானே, அங்கே ஒருவரின் பிழை மற்றவரை எப்படிப் பாதிக்கும் என்று கேட்கலாம். பாதிக்கும். ஒவ்வொரு வாடிக்கையாளர் தளத்துக்கும் பிரதான அமைவில் ஒரு பகுதி உண்டு. அந்தப் பகுதி சுட்டும் பாதுகாப்புச் சான்றிதழ்க் கோப்பு காணாமல் போனால், அல்லது பதிவேடு வைக்கும் கோப்புறை அழிக்கப்பட்டால், அப்பாச்சி அந்த ஒரு தளத்தை விட்டுவிட்டு மற்றவற்றைத் தொடக்காது, எதையுமே தொடக்காது. பி.எச்.பி.யை வெளியே ஓட்டும் எவ்.பி.எம். என்ற நிரலும் இப்படித்தான். ஒரு வாடிக்கையாளரின் பயனர் பெயரை அழித்துவிட்டு, அவருக்கென்று எழுதிய சிறு அமைவுக் கோப்பை அழிக்க மறந்தால், "இந்தப் பெயரில் ஆளில்லை" என்று சொல்லி அந்த நிரல் முழுதாகத் தொடங்க மறுத்துவிடும். சந்தா கட்டாமல் விலகிப்போன ஒருவரின் பேரேட்டுத் தாள் ஒன்று கிடந்ததற்காக எல்லோருடைய பேரேட்டையும் பூட்டிவைத்த கதை.

இதைத் தாங்குவதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு, ஓடிக்கொண்டிருக்கும் சேர்வரை நிறுத்தாமல் புதிய அமைவைச் சோதித்துப் பார்ப்பது. அப்பாச்சியில் 'கொன்பிக் ரெஸ்ற்' என்ற கட்டளை கோப்பை வாசித்து எழுத்து வழு உண்டா என்று மட்டும் சொல்லும். 'கிறேஸ்புல்' என்ற நிதானமான மீள்தொடக்கம், முதலில் அந்தச் சோதனையைச் செய்து, வழு இருந்தால் மீளத் தொடங்காமல் பழையபடியே ஓடவிடும். இல்லாவிட்டால் தளத்தில் இருப்பவர்களின் வேலையை அறுக்காமல் புதிய அமைவுக்கு மாறும். என்ஜின்எக்ஸிலும் அப்படியே. மீள்வாசிப்புச் செய்யச் சொன்னால் புதிய அமைவைப் பொருத்திப் பார்க்கும், பொருந்தாவிட்டால் பழையதோடு தொடரும். இதுதான் இந்தத் துறையின் தொங்கல் கணக்கு என்று நான் எண்ணுகிறேன். வேலையும் நிற்கவில்லை, பூட்டும் கழரவில்லை, பிழையும் மறைக்கப்படவில்லை.

ஆனால் இதற்கும் ஒரு குறை உண்டு. பழைய அமைவு கணினியின் நினைவகத்தில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. வட்டில் இருப்பது பிழையான புதிய கோப்பு. அறிவிப்பை யாரும் பார்க்காமல் விட்டால், மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு பாதுகாப்புத் திருத்தத்துக்காக நடுநிசியில் கணினியையே மீளத் தொடக்கும்போது சேர்வர் எழும்பாது. அப்போது முதல்நாள் செய்த மாற்றத்தில்தான் குற்றம் தேடுவார்கள். வங்கி இணக்கக் கூற்றை ஆண்டு முடிவுக்கென்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு கடைக்காரரும் இந்த அனுபவத்தை வேறு உடையில் கண்டவர்.

இன்னொன்று, எழுத்து வழு இல்லை என்பதால் வழுவே இல்லை என்று ஆகாது. பரீட்சை மீதி சமப்பட்டாலும் விடு வழுவும் கொள்கை வழுவும் உள்ளே இருக்கலாம் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். 2021 யூன் 8, செவ்வாய்க்கிழமை, இலண்டன் நேரம் காலை 10:47இலிருந்து இதை உலகமே பார்த்தது. பாஸ்ற்லி என்ற கொம்பனி உலகெங்கும் சேர்வர்களை வைத்து மற்றவர்களின் தளங்களை வேகமாக விநியோகிப்பது. அதன் வாடிக்கையாளர் ஒருவர் தன் அமைவில் ஒரு மாற்றம் செய்தார். முற்றிலும் செல்லுபடியான மாற்றம். ஆனால் மே 12ஆம் திகதி கொம்பனி வெளியிட்ட புதிய மென்பொருளில் ஒளிந்திருந்த வழுவை அது தட்டி எழுப்பியது. வலையமைப்பின் 85 வீதம் பிழை காட்டத் தொடங்கியது. கார்டியன், பைனான்சியல் ரைம்ஸ், றெடிற், பிரித்தானிய அரசின் தளம் எல்லாம் ஒன்றாக விழுந்தன. ஒரு நிமிடத்துக்குள் கொம்பனி அதைக் கண்டுகொண்டது. எந்த வாடிக்கையாளரின் அமைவு என்று பிடிக்க ஏறத்தாழ 40 நிமிடம் சென்றது. அந்த அமைவை முடக்கியதும், 49 நிமிடத்துக்குள் 95 வீதம் மீண்டது. அந்த வாடிக்கையாளரின் பெயரைக் கொம்பனி வெளியிடவில்லை. அது நியாயம். அவர் கேத்தலைத்தான் செருகினார், வயரிங் வீட்டுக்காரருடையது.

2025 நவம்பர் 18 அன்று கிளவுட்பிளேர் விழுந்தது இன்னும் படிப்பினை உள்ளது. அங்கே அமைவுக் கோப்பை எழுதியவர் வாடிக்கையாளரே அல்ல. கொம்பனியின் சொந்த நிரல். வருபவர் மனிதரா இயந்திரமா என்று கணிப்பதற்கான கோப்பை அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருவாக்கி உலகெங்கும் அனுப்பும். தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் அந்தக் கோப்பில் ஒரே விவரம் இரட்டையாக விழுந்து, அளவு பெருத்துவிட்டது. வாசிக்கும் நிரலோ 200 விடயங்களுக்கு மேல் தாங்காது. வழமையாக வருவது சுமார் 60 மட்டுமே என்பதால் மிஞ்சும் என்று எவரும் எண்ணவில்லை. மிஞ்சியதும் புதிய தலைமுறை நிரல் அப்படியே சரிந்து, 11:20 அளவில் தளங்கள் பிழை காட்டத் தொடங்கின. பழைய தலைமுறை நிரல் சரியவில்லை. அது எல்லா வருகைக்கும் பூச்சியம் என்று புள்ளி போட்டது. குறைந்த புள்ளி என்றால் இயந்திரம் என்று பொருள். இயந்திரங்களைத் தடுக்கும்படி சொல்லியிருந்த தளங்கள் உண்மையான மனிதர்களை வாசலில் மறித்தன. ஒரே பிழைக்கு ஒன்று செத்தது, மற்றது பொய்க் கணக்கு எழுதியது. கடைசியில் கையால் செய்த மருந்து, புதிய கோப்பு உருவாவதை நிறுத்தி, நல்லதென்று தெரிந்த பழைய கோப்பைத் திரும்ப வைத்ததுதான். 14:30க்குப் பெரும்பகுதி மீண்டது, 17:06க்கு முழுவதும். பெருத்த கோப்பு வந்த கணமே "இதை ஏற்கமாட்டேன், ஐந்து நிமிடத்துக்கு முந்தியதோடு இருக்கிறேன்" என்று நிரலே சொல்லியிருந்தால் அன்று பகல் வேறு மாதிரிப் போயிருக்கும். இனிமேல் தாங்களே உருவாக்கும் கோப்பையும் வெளியார் தரும் கோப்பைப் போலவே சந்தேகத்தோடு சோதிப்போம் என்று கிளவுட்பிளேர் பின்னர் எழுதியது. சொந்த அண்ணன் எழுதிய பற்றுச்சீட்டு என்றாலும் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

என்னுடைய அபிப்பிராயம் இது. மன்னிக்கக்கூடிய வரி, மன்னிக்கக்கூடாத வரி என்று இரண்டு உண்டு. படங்களைச் சுருக்குவது, பழைய முகவரியிலிருந்து புதிய முகவரிக்கு அனுப்புவது போன்றவை பிழைத்தால் தாண்டிப் போகலாம். தளம் மெதுவாகும், அல்லது ஒரு இணைப்பு வேலை செய்யாது. யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் வரி பிழைத்தால் சேர்வர் நிற்கத்தான் வேண்டும். 500 காட்டட்டும், ரிக்கற் விற்பனை ஒரு நாள் பிந்தட்டும். ஹோஸ்ரிங் கொம்பனிகள் இரண்டையும் ஒரே கூடையில் போடுவதுதான் எனக்குள்ள முறைப்பாடு. அவர்களுக்குத் தொலைபேசி அழைப்புக் குறைவது முக்கியம். எமக்கு விரிதாள் முக்கியம்.

சங்கங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் கொஞ்சம் உண்டு. அக்சஸ் கோப்பைத் தொடுமுன் திகதி போட்ட ஒரு பிரதி எடுத்து, அதைத் தளத்துக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். தளம் விழுந்தால் கோப்பை அழிக்காமல், முன் எழுத்தாக ஒரு '#' போட்டு வரிகளைச் சிறுகச் சிறுக முடக்கிப் பார்த்தால் எந்த வரி என்று பிடிபடும். கடவுச்சொல் வரிகளை மட்டும் கடைசிவரை தொடக்கூடாது. கொம்பனி "சேர்வரை மாற்றுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பினால், அக்சஸ் கோப்பு தொடர்ந்து வாசிக்கப்படுமா, பிழையான வரி வந்தால் நிற்குமா தாண்டுமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் பதில் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உறுப்பினர் பட்டியல் தளத்தின் பொதுக் கோப்புறைக்குள் இருக்கவே தேவையில்லை. எவ்வளவு பூட்டுப் போட்டாலும், தெருவாசலில் வைத்த பெட்டி தெருவாசலில்தான் இருக்கிறது.

மேலே சொன்ன சங்கத்தில் இப்போது பட்டியல் தளத்தில் இல்லை. தம்பிதான் எடுத்து வேறிடத்தில் வைத்தார், நான் கேட்காமலே. நான் கணக்குப் பார்க்கும் மற்றச் சங்கங்களில், ஆண்டுப் பரிசோதனைத் தாளில் வங்கிக் கூற்றுக்கு அடுத்த வரியாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்: சங்கத்தோடு தொடர்பில்லாத ஒருவரின் கைத்தொலைபேசியில் செயற்குழுக் கோப்புறையின் முகவரியைத் தட்டிப் பார்த்தல். கடவுச்சொல் கேட்டால் சரி அடையாளம். ஒரு நிமிட வேலை. பெரும்பாலும் என் மகளின் தொலைபேசியில்தான் பார்க்கிறேன்.